தலைவர் செருமுவதற்கு முன்னால்

மலாக்கா கடலோரத்து உம்பாயில் சுட்ட திருக்கை மீனை நான் தொடுவதில்லை. அலர்ஜியா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஒரு மனிதர் அதைத் தின்ற அழகைப் பார்த்த பிறகு என் வாய்க்குள் அது போக மறுக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தால், எதிரில் இருப்பவர்களும் சாப்பிட முடியாமல் போய்விடும்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலைப் பூசை முடிந்து மாதா கோயிலைவிட்டு வெளியே வந்ததும், என் தம்பி மகன் ஜோயல் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு நேராக அங்கேதான் போனான். கடலோரக் கடை. வாழையிலையில் மிளகாய்ச் சம்பல் தடவிய மீன் நெருப்பில் பொசுங்கிக்கொண்டிருந்தது. புகை என் முகத்துக்கே வந்தது. இடம் மாறி உட்கார்ந்தேன், அதுவும் கூடவே மாறி வந்தது. ஜோயல் கோலாலம்பூரில் சவுண்ட் என்ஜினியராக இருக்கிறான். நல்ல பிள்ளை, அத்தை என்றால் உயிர். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன், பின்னால் நான் சொல்ல மறந்தாலும் மறந்துவிடுவேன்.

"அத்தை, ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. கண்ண மூடிக்குங்க."

"மூடறேன். புகையாச்சும் உள்ள போவாம இருக்கும்."

சம்பல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்தான். முதலில் டேப்பின் 'உஸ்' சத்தம். பிறகு தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை யாரோ இரும்பால் அடித்தார்கள். அதன் பின்னாலேயே உறுமி ஒன்று அடிவயிற்றிலிருந்து முனகியது. அதற்கும் பின்னால், கொஞ்சம் சுருதி பிசகி, ஓர் ஆர்கன். அந்தப் பிசகு என்னுடையது. உலகத்தில் எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

"உங்க காசெட்டுதான் அத்தை. போன மாசம் உங்க அலமாரியிலேர்ந்து எடுத்துட்டுப் போனேன்ல. நெட்டுல போட்டுட்டேன். ஆளுங்க மெர்சலாயிட்டாங்க, லா." போனை எடுத்து வாசித்துக் காட்டினான். யாரோ ஜெர்மனியிலிருந்து எழுதியிருக்கிறார்கள், யாரோ ஜப்பானிலிருந்து. மறைந்து கிடந்த பொக்கிஷமாம். இத்தனை நாள் இது எங்கே இருந்ததாம். என் பழைய சேலைகளுக்கு அடியில் இருந்தது, வேறெங்கே இருக்கும்.

"இதுல எல்லாருக்கும் எந்த எடம் ரொம்பப் புடிச்சிருக்கு தெரியுமா? நடுவுல திடீர்னு ஒருத்தரு ஸ்பீச் குடுப்பார்ல, அது. அதான் ஜீனியஸ்ங்கறாங்க. அதிகாரத்தக் கிண்டல் பண்றாங்களாம்."

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மீனாலா, அந்த 'ஜீனியஸ்' என்ற சொல்லாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவன் கவனிக்கவில்லை. "முழுசா கேப்போம் அத்தை. அந்த எடம் வர வரைக்கும்" என்று சாய்ந்து உட்கார்ந்தான். அந்தப் பாட்டு காசெட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். அந்த இடம் வருவதற்குள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் மலாக்காவில் ஓர் எலெக்ட்ரானிக் பெக்டரியில் எனக்கு வேலை. ஈயம் உருக்கி ஒட்டுகிற வேலை. அந்தப் புகையின் வாடை தலைமுடியில் ஏறிவிட்டால் எந்த ஷாம்புக்கும் போகாது. நானோ அந்த முடியைச் சுருள் சுருளாகப் 'பெர்ம்' வேறு செய்து வைத்திருந்தேன். இப்போது அந்தப் படங்களைப் பார்த்தால் யாரோ வேண்டாதவர்கள் செய்த வேலை மாதிரி இருக்கிறது. காலையில் பெக்டரி பஸ், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன். இதைத் தவிர என் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

அந்த பஸ்ஸில்தான் செல்வம் வருவான். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பையன். அவன் அம்மா பால்மரம் வெட்டுபவர், ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. பஸ்ஸில் எல்லாரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்க, இவன் மட்டும் முன்சீட்டுக் கம்பியில் விரல்களால் ஏதோ கணக்குப் போட்டுத் தட்டிக்கொண்டே வருவான். கணக்கு தப்பினால் மறுபடி முதலிலிருந்து. எரிச்சல் தாங்காமல் ஒருநாள், "ஏங்க, தட்டறதுதான் தட்டறீங்க, ஒழுங்கா நாலு நாலாத் தட்டக் கூடாதா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தான். "அது ஏழு சிஸ்டர். நீங்க ம்யூசிக்கா?"

கோயில் பெண் என்பதால் பஸ்ஸில் எல்லாருக்கும் நான் சிஸ்டர்தான். கன்னியாஸ்திரி மாதிரி உர்ரென்று இருப்பேனாம். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

அவனை இந்த ஏழில் மாட்டிவிட்டது பசார் மாலாமில் வாங்கிய ஒரு காசெட்டு. அந்தக் காலத்து இரவுச் சந்தைகளில் கள்ளக் காசெட்டுகளைக் கூறுகட்டி விற்பார்கள். அட்டையில் ஒரு படம் இருக்கும், உள்ளே வேறொன்று பாடும். இவன் ஹரிராயா பெருநாள் வாழ்த்துப் பாட்டு என்று நினைத்து, பக்கத்து வீட்டு மலாய்க்கார நண்பனுக்குப் பரிசு கொடுக்க வாங்கியிருக்கிறான். உள்ளே யாரோ வெள்ளைக்காரர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு. புல்லாங்குழல் வருகிறது, ஆர்கன் வருகிறது, தாளம் நடுவில் மாறுகிறது, பாடுகிறவன் பாதியில் காணாமல் போய்க் கடைசியில் திரும்பி வருகிறான். அந்தக் குழுவின் பெயர் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அது அவர்களுடைய முதல் ஆல்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று செல்வம் அடித்துச் சொல்வான். "மொதல் தடவதான் மனுசன் எல்லாத்தையும் கொட்டுவான் சிஸ்டர். ரெண்டாவதுலேர்ந்து மிச்சம் புடிக்க ஆரம்பிச்சிருவான்." இதற்கெல்லாம் புரோகிரெசிவ் ராக் என்று ஒரு பெயர் உண்டு என்பதே ஜோயல் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் 'நீட்டுப் பாட்டு' என்றுதான் சொல்வோம்.

நாங்கள் மூன்று பேர். செல்வம் கிட்டார், பாட்டு இரண்டும். மணி என்று லோரியில் போகிற ஒரு பையன், காவடிக்கும் சாவுக்கும் உறுமி அடிப்பவன், அவனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய டிரம் செட்டும் இருக்கும். மூன்றாவது நான். கன்னியர் மடத்தில் கழித்துப்போட்ட ஆர்கன் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதற்குள் கரப்பான் பூச்சி குடும்பம் நடத்தியது. சில கட்டைகளை அழுத்தினால் சத்தத்தோடு அதுவும் வெளியே வரும். அந்தக் கால்களின் சிலுசிலுப்பு விரலில் பட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஆனாலும் கையை எடுத்ததில்லை, எடுத்தால் ஏழு தப்பிவிடும்.

குழுவுக்குப் பெயர் 'கடைசி நிரை'. நிரை என்றால் தோட்டத்தில் ஆளுக்கு ஆள் பிரித்துக் கொடுக்கிற மர வரிசை. செல்வத்தின் அம்மாவுக்குக் கிடைத்தது காட்டோரத்துக் கடைசி நிரை. காசெட்டின் பெயர் 'பெரட்டு'. விடியுமுன் ஆள்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுகிற இடம்தான் பெரட்டு. அங்கே தொங்குகிற தண்டவாளத் துண்டைத்தான் முதலில் கேட்டீர்கள்.

பாட்டு அந்த ஒரு காலைப்பொழுதுதான், வேறொன்றும் இல்லை. இரும்பு அடிக்கிறது, ஆள்கள் போகிறார்கள், மரம் வெட்டுகிறார்கள். அது வேகமான பகுதி, மணி பேய் மாதிரி அடிப்பான். வெட்டி முடித்ததும் வேலை இல்லை. பால் சொட்டிச் சொட்டி மரத்தில் கட்டிய மங்கு நிறைய வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டும். செல்வம் கிட்டாரை நிறுத்திவிடுவான். மணியும் கையைக் கட்டிக்கொள்வான். நான் மட்டும் ஆர்கனில் ஒரு விரலால், எந்தத் தாளத்திலும் சேராமல், ஒவ்வொரு சொட்டாக வைக்க வேண்டும். எழுதி வைத்தது எதுவும் கிடையாது. "எந்த மரம் எப்ப சொட்டும்னு யாருக்குத் தெரியும் சிஸ்டர்? உங்களுக்குத் தோணும்போது வைங்க." பிறகு மணி ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பான். பாலெடுக்கக் கிளம்பிவிட்டார்கள் என்று அர்த்தம். அங்கிருந்து பாட்டு மறுபடி எழுந்து கடைசிவரை போகும்.

தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகை அப்போது பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து, ஆர்கனை மணியின் லோரியில் கொண்டுவந்து வைத்துத்தான் பழகுவோம். செல்வத்தின் அம்மாவுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. "இந்தக் கருமத்துக்காடா ஓவர்டைம் வேணாம்னு சொன்ன?" என்று கேட்டுக்கொண்டேதான் ஒருநாள் உள்ளே வந்தார். நாங்கள் வெட்டுகிற பகுதியில் இருந்தோம், நிறுத்தவில்லை. அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, திட்டுவதற்குச் சத்தம் குறையட்டும் என்று நின்றார். சத்தம் குறைந்தது. நான் முதல் சொட்டை வைத்தேன். இரண்டாவது, மூன்றாவது. அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தார். இடுப்புப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து, அவசரமே இல்லாமல் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். மணி வாளியை அடித்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றார். எழுந்த பிறகுதான் எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியாமல் எங்களைப் பார்த்து முழித்தார். செல்வம் கிட்டாரில் கண்டபடி தப்பாக வாசித்தான். அவன் கண் நிறைந்திருந்ததை நானும் பார்த்தேன், மணியும் பார்த்தான், கேலி செய்யவில்லை.

அன்றைக்கே செல்வம் முடிவு செய்துவிட்டான். தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்ற செய்தி அப்போதே உறுதியாகிவிட்டது. தீபாவளி கழிந்தால் லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் காசெட்டு வந்துவிட வேண்டும், எல்லாரும் திசைக்கொருவராகப் போவதற்கு முன் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து இதைக் கேட்க வேண்டும். அம்மா கேட்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். ரேடியோ, பேர், புகழ் எதையும் அவன் வாயெடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

இங்கேதான் தலைவர் வருகிறார். பெயர் வேண்டாம், சொன்னால் வாய் கொப்பளிக்க வேண்டும். ஏதோ சங்கத்துக்கும் ஏதோ கமிட்டிக்கும் தலைவர். எல்லாருக்கும் அவர் தலைவர், அவர் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவார் என்பான் மணி. பதிவுச் செலவை அவர் ஏற்றுக்கொண்டார். மலாக்கா டவுனில், ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேலே ஸ்டூடியோ வைத்திருந்தார். சுவரெல்லாம் முட்டை அட்டை, அதில் பாதி அட்டையில் முட்டை உடைந்து காய்ந்த கறை. கீழேயிருந்து கிரீஸ் வாடையும் பக்கத்துக் கடையிலிருந்து பெலாச்சான் என்கிற இறால் விழுது வறுபடுகிற நாற்றமும் மாறி மாறி வரும். அந்த நாற்றத்துக்கு நடுவே நாங்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே மூச்சில் வாசித்தோம். தவுக்கே அதை அப்படியே டேப்பில் பிடித்தார். சொட்டுப் பகுதியில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. எந்தச் சொட்டும் நான் நினைத்து வைத்ததாகத் தெரியவில்லை. முடிந்ததும் தமிழே தெரியாத அந்தத் தவுக்கே, வாயில் வைத்த சிகரெட்டைப் பற்றவைக்க மறந்திருந்தார். "ஓகே" என்றார். மறுநாள் வெறும் காசெட்டு வாங்கி வந்து ஒரு பிரதி எடுத்துக்கொள்வதாகச் செல்வம் அவரிடம் சொல்லிவைத்தான்.

அன்று மாலையே தலைவர் எங்களை உம்பாய்க்குக் கூட்டிப்போனார். மீன் வந்தது. அந்த மனிதர் திருக்கையின் ஒரு பக்கத்தை அப்படியே கையால் உரித்து, சம்பல் வழிய வாய்க்குள் தள்ளி, குருத்தெலும்பைக் கடித்து உறிஞ்சி, உறிஞ்சியதைத் தட்டில் துப்பாமல் மேசையில் துப்பினார். ஒவ்வொரு விரலாக அடிவரை வாயில் விட்டு எடுத்தார். அத்தர் வாசனையும் மீன் வாடையும் கலந்து அடித்தது. அந்தக் கையாலேயே செல்வத்தின் தோளைத் தட்டினார்.

"பாட்டு கேட்டேன் தம்பி. நல்லாத்தான் இருக்கு. நடுவுல ஒரு எடம் காலியா கெடக்குதே, ஏன்?"

"அது காலி இல்லண்ணே. பால் சொட்டற நேரம்."

"அதத்தான்யா நானும் சொல்றேன், ஒன்னும் நடக்கல. வீட்டுல ஒரு மூல காலியா இருந்தா பூஜாடியாச்சும் வைப்போம்ல? ஒரு தலைமையுரைய வச்சிருவோம் அங்க. நம்ம சமுதாயத்துக்கு நாலு நல்ல வார்த்த."

எங்கள் ஆள்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. கல்யாண விருந்தில்கூட மாப்பிள்ளையும் பெண்ணும் பசியோடு உட்கார்ந்திருக்க, யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு இளைஞர்களே என்று ஆரம்பிப்பார். போர்த்திய பொன்னாடையைப் படம் எடுத்த கையோடு உருவி அடுத்தவருக்குப் போர்த்துவார்கள். அதன் வியர்வை வாடையை நான் முகர்ந்திருக்கிறேன். ஆனால் ஒரு பாட்டுக்குள் நுழைந்து உரையாற்ற வேண்டும் என்று யாருக்காவது தோன்றும் என்பதை நான் கனவிலும் நினைத்ததில்லை.

"அது என்னோட பகுதி" என்றேன்.

"நீ வாசிக்கிறது கேக்கவே இல்லயேம்மா" என்றார், அன்பாகத்தான். "பொட்டு பொட்டுன்னு ஒழுகுது. யாரு அத உக்காந்து கேப்பா? வேணாம்னா சொல்லுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் அந்த லயம் இருக்காது. அது அவருக்கும் தெரியும். மணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் செல்வத்தைப் பார்த்தேன். அவன் தோளில் சம்பல் கறை. "சரிண்ணே" என்றான். அந்தச் 'சரி'யை நான் இன்னும் அவனுக்கு மன்னிக்கவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று தெரிந்தும் மன்னிக்கவில்லை.

மறுநாள் நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் தலைவர் ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார். மூவரும் சேர்ந்து வாசித்ததை ஒரே டேப்பில் பிடித்திருந்ததால், பேச்சு உள்ளே போக வேண்டுமென்றால் அந்த இடத்தில் இருந்தது அழிய வேண்டும். அழித்தார்கள். செல்வம் வெறும் காசெட்டோடு போய் நின்றபோது தலைவர் படியிறங்கி வந்துகொண்டிருந்தாராம், பல் குத்திக்கொண்டே.

ஒன்று மட்டும் தப்பியது. தவுக்கே பட்டனை அழுத்துவதில் ஒரு கணம் தாமதித்திருக்கிறார். கிட்டார் ஓய்ந்ததும் என்னுடைய முதல் சொட்டு ஒன்று விழுகிறது. உடனே தலைவர் தொண்டையைச் செருமுகிறார். தெரியாதவர்களுக்கு அது ஏதோ கோளாறு மாதிரிதான் கேட்கும். எங்கள் வீட்டு ரேடியோ பழுதாகும்வரை அந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். சொட்டு விழுந்ததும் டக்கென்று நிறுத்திவிடுவேன். வீட்டில் எல்லாருக்கும் பைத்தியம் பிடித்தது. ரேடியோ போன பிறகு காசெட்டைச் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அது அங்கே இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

வெளியீட்டு விழா தோட்டத்து மண்டபத்தில் நடந்தது. நாங்கள் நேரில் வாசிப்பதாகத்தான் ஏற்பாடு. அப்படி வாசித்தால் அம்மாவுக்காவது முழுசாகக் காட்டிவிடலாம் என்று செல்வம் நம்பியிருந்தான். ஆனால் ஆளாளுக்குப் பேசினார்கள். வாழ்த்துரை ஒருவருக்கு என்று போட்டிருந்தது, மேடையேறியவரெல்லாம் வாழ்த்தினார்கள். தலைவர் பேசி முடித்தபோது ரசம் ஆறிவிட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். "நேரமாச்சு, வாசிக்கிறதெல்லாம் வேணாம், காசெட்டப் போடு" என்றார். என் ஆர்கன் மேடை ஓரத்தில் துணி மூடியபடியே நின்றது.

காசெட்டு ஓடியது. இரும்புச் சத்தம் கேட்டதும் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். வெட்டுகிற பகுதியில் பின்வரிசைக் கிழவர் ஒருவர் கையை அசைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கிட்டார் ஓய்ந்தது. ஒரு சொட்டு. "இளைஞர்களே" என்று தலைவர் ஒலிபெருக்கியில் ஆரம்பித்தார். சற்றுமுன் பேசியதையே பேசினார். ஜனங்கள் பழக்கதோஷத்தில் நடுநடுவே கை தட்டினார்கள். முன்வரிசையில் தலைவர் தன் பேச்சைத் தானே கேட்டுத் தலையாட்டினார். கடைசியில் காசெட்டுக்குள்ளிருந்து "நன்றி, வணக்கம்" என்றார்.

நன்றி வணக்கம் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். விழா முடிந்தது, சாப்பாடு தயார். மொத்த மண்டபமும் எழுந்துவிட்டது. மணியின் வாளி அடிக்க ஆரம்பித்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். செல்வத்தின் அம்மாவும் எழுந்தார், சோற்றுப் பந்தியில் கரண்டி பிடிக்க. பாட்டின் மிச்சப் பாதி தட்டுச் சத்தத்தில் ஓடி முடிந்தது. செல்வம் ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்றான், கடைசி நொடிவரை. பிறகு அம்மாவிடம் போனான்.

"எப்படிம்மா இருந்துச்சி?"

அந்த அம்மா மகனுக்குச் சோறு வைத்துக்கொண்டே சொன்னார். "தலைவரு நல்லாப் பேசுனாருய்யா."

அதற்குப் பிறகு அவன் கிட்டாரைத் தொட்டு நான் பார்க்கவில்லை. இப்போது பாயா ரும்புட்டில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறான், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். பசாரில் எதிர்ப்பட்டால் சர்க்கரை எவ்வளவு, மாத்திரை மாற்றினார்களா என்று விசாரித்துக்கொள்வோம். அவன் பஸ் எதிரே வந்தால் ஸ்டியரிங்கில் அவன் விரல் தட்டுகிறதா என்று பார்ப்பேன், தட்டுவதில்லை. மணி ஜொகூர் பக்கம் போனவன் போனவன்தான். காசெட்டிலும் என்னுடையதைத் தவிர வேறு பிரதியை நான் யாரிடமும் பார்த்ததில்லை. அந்த அம்மா மலிவு விலை பிளாட்டில், மாடி ஜன்னலிலிருந்து கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி சில வருடம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தோட்டத்தில் பாதி கோல்ப் மைதானம், பாதி எண்ணெய்ப்பனை. எண்ணெய்ப்பனை சொட்டாது. அதற்குக் காத்திருக்கிற நேரம் என்று ஒன்று கிடையாது. குலையை வெட்டித் தள்ளி லோரியில் ஏற்ற வேண்டியதுதான்.

"அத்தை, வரப் போவுது" என்றான் ஜோயல்.

வெட்டுகிற பகுதி முடிந்து கிட்டார் ஒடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். எத்தனையோ வருடம் கழித்து அதைக் கேட்கப் போகிறேன். புகை கண்ணில் பட்டது, துடைக்கவில்லை. கிட்டார் ஓய்ந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"ஜோயல், நிறுத்து. கொஞ்சம் பின்னால போ." போனான். கிட்டார் ஓய்ந்தது. செருமல். "அங்க ஒரு சத்தம் இருந்திச்சேய்யா. அவரு பேசறதுக்கு முன்னால. ஒன்னே ஒன்னு."

"அட, அதயும் கவனிச்சிருக்கீங்க." அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஏதோ நாய்ஸ் அத்தை. ரொம்ப நேரம் உக்காந்து க்ளீன் பண்ணேன். இப்ப இருந்த எடமே தெரியல பாத்தீங்களா?"

"காசெட்டு எங்க?"

"அது பூரா பூசணம். ஒரு தரம் ஓடுச்சி, அறுந்துடுச்சி. தூக்கிப் போட்டுட்டேன்."

"க்ளீன் பண்ணாதது வச்சிருப்பல்ல?"

"அதுக்கு மேலயேதான் சேவ் பண்ணேன். ஏன் அத்தை, இதுதான் நல்லா இருக்கே."

நல்ல பிள்ளை. மீனில் முள்ளில்லாத பெரிய துண்டாகப் பிய்த்து என் தட்டில் வைத்தான். ஆறிடும், சாப்புடுங்க என்றான். ஸ்பீக்கரில் தலைவர் சமுதாயத்தைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், விரலைச் சப்பிக்கொண்டே எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரும்மா அது? நல்லாப் பேசறாரே" என்றார்.